தாளை மிதிக்காத கால்

திருச்சி பெரிய கடைவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு செருப்புக் கடை இருந்தது. அங்கே பெண்களின் காலைத் தொடுவதற்கென்றே என்னைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். எண்பதுகளின் ஆரம்பம் அது. அதுவரை அந்தக் கடையில் ஆண்கள்தான் விற்பனைக்கு நின்றார்கள். பெண்கள் வந்தால் பெஞ்சில் உட்கார்ந்து காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார்கள். விற்பவர் செருப்பைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் கடைக்கே வரமாட்டார்கள். புருஷனோ தம்பியோ விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றைக் கால் நீளத்துக்கு ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். "இந்த அளவுக்கு ஒண்ணு குடுங்க" என்று குச்சியை நீட்டுவார்கள். குச்சியில் நீளம் இருக்கும், அகலம் இருக்காது. மறுநாள் அதே ஆள் மாற்ற வருவார். மாற்றிக் கொடுத்தே சலித்துப்போன முதலாளி, ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் என்ன என்று பேசிக்கொண்டிருந்த வாரத்தில் நான் போய் வேலை கேட்டேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊர் தொட்டியம் பக்கம். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அப்பா போய்விட்டார், படிப்பும் போய்விட்டது. வாழைத்தார் சுமந்தேன். துறையூரில் ஒரு அரிசி ஆலையில் இருந்தேன். பிறகு ஈரோடு, பிறகு எங்கெங்கோ. ஓர் இடத்தில் ஒரு வருஷம் ஆனால் கால் பரபரக்க ஆரம்பித்துவிடும், பெட்டியைத் தூக்கிவிடுவேன். சாப்பிட்ட நாட்களும் இருந்தன, சாப்பிடாத நாட்களும் இருந்தன. அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. 

பள்ளிக்கூடத்தில் நான் நன்றாக ஓடுவேன். அதை மட்டும் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்கால் கரையில் ஓடித்தான் பள்ளிக்கூடம் போவேன். பல ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் கூடிய ஒரு போட்டியில் முதலாவதாக வந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். படிப்பு நின்றபோது புத்தகம் போனதற்கு அழவில்லை. ஓட இடம் இல்லாமல் போனதுதான் உறுத்தியது. பெரிய பெண் ஓடினால், யார் துரத்துகிறார்கள் என்று ஊர் கேட்கும். அதன்பின் பஸ் பிடிக்க ஓடியதோடு சரி.

கடையில் இன்னொருவர் இருந்தார். இருபது வருஷமாக அங்கேயே விற்பனையில் இருந்தவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். வாய் சும்மா இருக்காது, ஆனால் நல்ல மனுஷர். செருப்பு பார்க்கும் விதம் கொஞ்சம் அவரிடம் கற்றது, மீதி கடைக்கு வந்த கால்கள் காட்டியது. உட்கார்ந்திருக்கும் கால் வேறு, நின்றிருக்கும் கால் வேறு. எடை இறங்கினால் பாதம் முன்னாலும் பக்கவாட்டிலும் விரியும். காலையில் சரியாக இருக்கும் செருப்பு சாயங்காலம் கடிக்கும். அதனால் யார் வந்தாலும் எழுந்து அளவுப் பலகையில் நிற்கச் சொல்வேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வயதான மாமிகள் என் கை காலில் பட்டால் துடித்துப்போவார்கள். என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். "தப்பா நினைச்சுக்காதேம்மா" என்பார்கள். இதுதான் என் வேலை, இதில் நினைக்க என்ன இருக்கிறது?

ஐப்பசி மழையில் ஒருநாள் அவள் வந்தாள். இருபத்தொரு வயது இருக்கும். ஒல்லியான உயரமான பெண். தாவணி நனைந்திருந்தது. வலது காலை ஊன்றும்போது முகம் லேசாகச் சுருங்கியது. பெஞ்சில் உட்காராமல் நேராக அண்ணனிடம் போனாள்.

"பொம்மனாட்டிக்கு ஷூ இருக்கா? ஓடறதுக்கு. மெத்துமெத்துன்னு இருக்கணும்."

"ஓடறதுக்கா? எதுக்கும்மா ஓடணும்? சந்து முனையிலயேதான் ஒண்ணாம் நம்பர் பஸ் வருதே."

"பஸ்ஸோட போட்டி போட்டு ஓடத்தான்" என்றாள் அவள், சிரிக்காமல்.

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். நான் அவளை உட்கார வைத்துக் காலைக் கையில் எடுத்தேன். மற்றப் பெண்களைப் போல அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விரல்களின் அடியில் தோல் தடித்து, கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்து, கணுக்காலுக்கு மேலே நரம்பு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி இருந்தது. அது ஓடுகிற கால். பதின்மூன்று வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. குதிகாலை அழுத்தினேன். "ஸ்ஸ்" என்றாள்.

டாக்டர் சொல்லியிருந்தாராம்: அடிப்பாகம் மெத்தென்று இருக்கிற ஷூ போட்டு ஓடு, இல்லை ஓட்டத்தை நிறுத்து. அவளிடம் இருந்தது பள்ளிக்கூடத்து வெள்ளை கான்வாஸ் ஷூ. அடியில் கட்டை ரப்பர். வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையில் விடியற்காலை ஓடுவாளாம். வீட்டிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு கோயில் வீதிகளில் நடக்கக் கூச்சம். அதைத் துணிப்பையில் மறைத்து எடுத்துப்போய் கரை வந்ததும் போட்டுக்கொள்வாள். எதிர் வீட்டு மாமி அவள் தினமும் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போவதாக நம்பி, ரொம்ப ஆசாரமான பெண் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாராம்.

"தை மாசம் செலக்‌ஷன் இருக்கு. ஆயிரத்தைந்நூறு மீட்டர். மூணு பேரை எடுப்பா. அப்பா சொல்லிட்டார், மூணுல வந்தா ஓடு, வரலைன்னா இதோட போறும்னு."

"உங்களால வர முடியுமா?"

"கால் வலிக்கலைன்னா வருவேன்."

கடையில் இருந்த அத்தனை பெட்டியையும் இறக்கினோம். பெண்களுக்கென்று ஓடுகிற ஷூ ஒன்றும் கிடையாது. பெண்கள் ஓடுவார்கள் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. பையன்களுடையது இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுக் கட்டைவிரலால் குதிகால் இடத்தை அழுத்திப் பார்த்தேன். மடக்கிப் பார்த்தேன். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் உதவாது. முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் வேண்டும். நீளம் சரியாக இருந்தால் அவளுக்குக் குதிகால் பக்கம் தொளதொளத்தது. குதிகால் பிடித்தால் விரல்கள் நெரிந்தன. அவள் பாதம் முன்னால் விசிறி மாதிரி அகலம், பின்னால் ஒடுக்கம்.

"இதுக்கு ரோடே தேவலை" என்றாள் ஒன்றைத் தட்டிப் பார்த்து.

ஆனாலும் சனிக்கிழமைகளில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்ததும் வர ஆரம்பித்தாள். புதிதாகச் சரக்கு வந்ததா என்று கேட்பது ஒரு சாக்கு. இன்று எத்தனை தூரம் ஓடினாள், எங்கே மூச்சு வாங்கியது, பனியில் கரை எப்படி இருந்தது என்று சொல்வாள். நான் பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்பேன். அவள் போனபிறகு என் தொடை வலிக்கிற மாதிரி இருக்கும், நானே ஓடிவிட்டு வந்ததுபோல. அந்த ஏக்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்தக் கடையிலும் அதற்குச் சரக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ஓடியே வந்தாள். சிங்கப்பூரில் அவள் அண்ணன் வேலையில் இருந்தான். வீட்டுக்குத் தெரியாமல் அவனுக்கு எழுதியிருந்தாள், பதில் வந்துவிட்டது. அங்கே பெண்களுக்கென்றே அடியில் பஞ்சு மாதிரி வைத்த ஓட்ட ஷூ கிடைக்கிறதாம். நம்பர் எல்லாம் அங்கே வேறு, காலை ஒரு தாளில் வரைந்து அனுப்பு, கடையில் காட்டி வாங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். வைகுண்ட ஏகாதசிக்கு ஊருக்கு வரும் நண்பர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவானாம்.

"நீங்கதான் வரையணும் அக்கா. உங்களுக்குத்தான் கால் தெரியும்."

அன்றுதான் முதல் தடவையாக அக்கா என்றாள். நான் முதலாளியிடம் கேட்டு ஒரு முழு வெள்ளைத்தாள் வாங்கித் தரையில் விரித்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டேன். "ஏறி நில்லுங்க" என்றேன்.

அவள் நிற்கவில்லை. தாளைப் பார்த்தாள்.

"பேப்பரைன்னா மிதிக்கச் சொல்றேள்!"

"எழுத்து ஒண்ணும் இல்லியே. வெறும் தாள்தான்."

"எழுதலைன்னாலும் சரஸ்வதிதானே."

இதை வேறு யாராவது படித்தால் சிரிக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவதோடு நின்றவளுக்குத் தாள்மேல் இருக்கும் பயபக்தி பட்டம் வாங்கியவர்களுக்கு இருக்காது. தெருவில் காகிதத்தில் கால் பட்டால் இன்றைக்கும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். அவள் சொன்னதும் எனக்கே தாளைத் தரையில் போட்டது தப்பாகப் பட்டது. அவள் குனிந்து அதைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் மொத்த எடையையும் வைத்து, வலது பாதத்தைத் தாளின்மேல் பட்டும் படாமலும் இறக்கினாள். தூங்குகிற குழந்தையின்மேல் துணி போர்த்துவதுபோல. நான் பென்சிலைச் சுற்றி ஓட்டினேன். பிறகு மறு கால்.

அண்ணன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அளவு எடுக்கிறியா, காலுக்கு மருதாணி வைக்கிறியா? நல்லா அமுக்கி மிதிக்கச் சொல்லு."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, விடுங்கண்ணே" என்றேன்.

சரியாக இல்லை. தினமும் நாலு பேரைப் பார்த்து எழுந்து நில்லுங்க, எடையைப் போடுங்க என்று சொல்கிற வாய் அன்று திறக்கவில்லை. தாளில் விழுந்த படம் மிகவும் அழகாக இருந்தது. ஒடுக்கமான, சிறிய, லட்சணமான பாதம். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். சாக்பீஸால் தரையில் வரைந்து, அதன்மேல் தாளை வைத்து ஒற்றியிருக்கலாம். ஷூப் பெட்டியின் அட்டைமேல் நிற்க வைத்திருக்கலாம். இதெல்லாம் பின்னால் எத்தனையோ ஊர்களில் படுத்துக்கொண்டு யோசித்தது.

தாளை மடித்து வெளிநாட்டுக் கவரில் போட்டு அவள் எடுத்துப்போனாள். அதன்பின் ஆறு வாரம். அவளைவிட நான்தான் அதிகம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அந்த ஷூ என்ன நிறத்தில் இருக்கும், அமுக்கினால் எவ்வளவு உள்ளே போகும் என்றெல்லாம் பேசுவோம். அவள் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாள், குதிகாலைக் காப்பாற்றி வைப்பதற்காக. "வந்துடட்டும், அப்பறம் பாருங்கோ" என்பாள்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்ததற்கு மறுநாள் துணிப்பையோடு வந்தாள். கடையில் வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த ஒரு வாசனை வந்தது. நான் கையில் எடுத்தேன். எடையே இல்லை. இளநீலம், பக்கத்தில் வெள்ளைக் கோடு. உள்ளே கட்டைவிரலால் அமுக்கினால் அழுந்தி, விட்டதும் மெதுவாக எழும்பியது. கடை அண்ணன்கூட வாங்கிப் பார்த்து, "தலகாணி மாதிரில்ல இருக்கு" என்றார்.

அவள் காலை நுழைத்தாள். குதிகால் போகவில்லை. நாடாவை முழுக்கத் தளர்த்தி நான் தள்ளினேன், போயிற்று. எழுந்து நின்றாள். நின்ற அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"கொஞ்சம் பிடிக்கறது. போட்டுண்டே இருந்தா சரியாயிடும், இல்லையா அக்கா?"

"தளரும்" என்றேன். தளராது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் பாடுபட்டோம். ஈரச் செய்தித்தாளை உருட்டி உள்ளே திணித்துக் காயவைத்தோம். அது காகிதம் என்று அப்போது இருவருக்குமே தோன்றவில்லை. அவசரம் வந்தால் சரஸ்வதியும் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொள்வாள் போலிருக்கிறது. மொட்டை மாடியில் யாரும் பார்க்காதபோது இரண்டு காலுறை போட்டு அதைப் போட்டுக்கொண்டு நடந்தாளாம். வலது சுண்டுவிரல் பக்கம் மட்டும் துணி கொஞ்சம் இழுபட்டுப் புடைத்தது. மற்ற இடம் அசையவில்லை. சுண்டுவிரல் தோல் உரிந்து சிவந்ததுதான் மிச்சம். சிங்கப்பூர் அண்ணனுக்குத் திரும்ப எழுதி வேறு வரவழைக்க நேரம் இல்லை. பொங்கல் கழிந்து போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நிக்க வச்சு வரைஞ்சிருக்கணும். என் தப்பு" என்றேன்.

"நான்தானே மிதிக்கமாட்டேன்னேன்."

நான் என் காலைப் பார்த்தேன். அந்த வாரம்தான் புது ஹவாய் செருப்பு வாங்கியிருந்தேன், கொஞ்சம் தடித்த ஸ்பாஞ்சு. கழற்றி, கத்தியை எடுத்து, வாரைப் பிடுங்கிவிட்டு அறுக்க ஆரம்பித்தேன்.

"உங்க செருப்பையா வெட்டறேள்? அப்பறம் நீங்க?"

"நான் பொறந்ததுலேருந்து வெறுங்கால்தான். நீங்க பழைய கான்வாஸை எடுங்க."

இந்தத் தடவை அவளைச் சிமெண்டுத் தரையில் நிற்க வைத்தேன். முழு எடையையும் போடச் சொன்னேன். சாக்பீஸால் வரைந்தேன். அதன்படி ஸ்பாஞ்சை அறுத்து, அடிப்பக்கம் சீவி மெல்லிசாக்கி, குதிகாலுக்கு மட்டும் இரண்டு அடுக்கு வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். அவள் கடைக்கு உள்ளேயே நாலு எட்டு குதித்தாள். முகம் மாறியது. "வலிக்கலை" என்றாள்.

போகும்போது சிங்கப்பூர் ஷூவை என் முன்னால் வைத்தாள். "செருப்பில்லாம எப்படிப் போவேள்? இதைப் போட்டுக்கோங்கோ."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மண்டியிட்டு என் காலைப் பிடித்து அவளே மாட்டினாள். ஒரு பெண் என் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஷூ எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அன்று தாளில் விழுந்தது அவள் பாதம் இல்லை, என் பாதத்தின் அளவு.

"ஆத்தாடி, சிங்கப்பூர் மகாராணி!" என்றார் அண்ணன்.

போட்டி அன்று அரைநாள் லீவு கேட்டுப் போனேன். கல்லூரி மைதானம் ஒன்றில் நடந்தது. வேலிக்கு வெளியே கடைசி வளைவுக்கு எதிரே நின்றுகொண்டேன். அவள் அப்பாவும் வந்திருந்தார். நெற்றியில் திருமண்ணோடு, குடையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விசில் ஊதியதும் பன்னிரண்டு பெண்கள் ஓடினார்கள். அவள் இரண்டாவது சுற்றில் ஆறாவதாக இருந்தாள், மூன்றாவதில் நாலாவது. கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் மூன்றாவதாக வந்துவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் என் காலும் சும்மா இல்லை. நீல ஷூவின் மெத்தையின்மேல் நின்ற இடத்திலேயே எம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசி வளைவில் ஒரு பெண் அவளைத் தாண்டினாள். முசிறிப் பக்கத்துப் பெண் என்று அருகில் யாரோ சொன்னார்கள். கருத்த, குட்டையான பெண். வெறுங்கால். என் வாய் ஸ்ரீரங்கத்துப் பெண்ணைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, ஆனால் கண் அந்த வெறுங்காலை விட்டு நகரவில்லை. அது அப்படியே வாய்க்கால் கரையில் ஓடிய கால். யார் ஜெயிக்க வேண்டும் என்று அந்த ஒரு கணத்தில் என்னைக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

நாலாவதாக வந்தாள். மூன்று பேரை எடுத்தார்கள்.

புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது ஷூவுக்குள் ஸ்பாஞ்சு கொஞ்சம் முன்னால் நகர்ந்து மடங்கியிருந்தது. "அதனாலயா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அவ நன்னா ஓடினா. நான் ரெண்டு மாசமா சரியா ஓடலையே." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா வலிக்கலை அக்கா. கடைசி வரைக்கும் வலிக்கலை." இதையே இரண்டு தடவை சொன்னாள்.

நான் குனிந்து நீல ஷூவின் நாடாவை அவிழ்க்கப் போனேன். தடுத்துவிட்டாள். அதற்குள் அவள் அப்பா குடையோடு வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. "போலாமா?" என்றார். "போலாம்ப்பா" என்று எழுந்து, கான்வாஸ் ஷூவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு அவர் பின்னால் நடந்தாள்.

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை, அவளும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் வருவது நின்றது. வைகாசியில் ஒருமுறை அம்மாவோடு வந்தாள், கல்யாணத்துக்குச் செருப்பு எடுக்க. சரிகை வேலை செய்த மெல்லிய செருப்பு. அளவுப் பலகையை வைத்தேன். நான் சொல்வதற்கு முன்பே எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழுக் காலையும் ஊன்றி நின்றாள். பாதம் விசிறியாக விரிந்தது. விரலடித் தோல் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. என் விரல்கள் அங்கே தேவையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்திருக்கலாம். "பாத்துப் போடுங்கோ, கடிக்கப்போறது" என்றார் அவள் அம்மா. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "ஓடறேளா?"

"ஓடறேன்" என்றேன்.

அது உண்மை. கையில் ஷூ இருக்கும்போது ஓடாமல் எப்படி இருப்பது? விடுமுறை நாளில் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய், கொள்ளிடக் கரையில் அவள் சொன்ன அதே தூரத்தை ஓடினேன். ஒருநாள் எதிர்ப்பட்ட மாமி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் எதிர் வீட்டு மாமியோ என்னவோ. ஆடிக்குள் எனக்குக் கால் பரபரத்துவிட்டது. கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ஷூ என்னோடு நாலைந்து ஊர்கள் வந்தது. எல்லா ஊரிலும் விடியற்காலையில் ஏதாவது ஒரு ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ கிடைத்தது. மெத்தை தேய்ந்து தட்டையாகி, கடைசியில் உள்ளே பொடிப்பொடியாக உதிர்ந்தது. வலது பக்கம் சுண்டுவிரலிடத்தில் அவள் கால் தள்ளிவைத்த புடைப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஓடும்போதெல்லாம் என் விரலை அந்தப் பக்கம் நீட்டிப் பார்ப்பேன். ஒருநாளும் எட்டவில்லை.